பனி தூக்கி வச்ச பூண்டு

பன்னியுமில்ல, முள்ளம்பன்னியுமில்ல மாப்ள. உக்காருங்க. பன்னி வந்து கிண்டியிருந்தா பாத்தியே இருந்திருக்காது. பூண்டு மட்டும் வரிசை கலையாம மேல வந்து படுத்திருக்குமா? நீங்க ஊணுன வரிசையிலயே ஒவ்வொண்ணும் கிடக்கு, யாரோ பாத்துப் பாத்து எடுத்து வச்ச மாதிரி. அது பனி செஞ்ச வேல.

பனி மேல இருந்துல்ல விழுகுது, அது எப்படி அம்மாச்சி கீழ இருந்து தூக்கும்னு கேக்குறீங்க. விழுகுறது வேற, இது வேற. காலையில ஒரு மண்ணுக்கட்டியப் பெயத்துப் பாத்தீங்களா? அடியில வெள்ள வெள்ளையா ஊசி நிக்கும், விரக்கடை உசரத்துக்கு. ஒவ்வொரு ஊசியும் தலையில ஒரு பொடி மண்ணத் தூக்கிக்கிட்டு நிக்கும். மண்ணுக்குள்ள இருக்குற ஈரம் உறையுது. உறைஞ்சது சும்மா இருக்குதா, அடியில இருக்குற தண்ணியையும் இழுத்து இழுத்துத் தன்னோட சேத்துக்கிட்டு மேல ஏறுது. அதுதான் உங்க பூண்டையும் சேத்துத் தூக்கிருச்சு.

அதுக்காக உருளையக் கொண்டாந்து பாத்தி மேல ஓட்டி அழுத்திடுறேன்னு நிக்கிறீங்க பாருங்க, அதத்தான் வேண்டாங்கறேன். மண்ண அழுத்துனாத்தான் வேரு புடிக்கும்னா, அது நெலக்கோட்டைக்குச் சரி. உங்க மல்லியப்பூவுக்குச் சரி. இது மேல்மலை. நீங்க இங்க வந்து இதுதான் மொத மார்கழி.

வெதப்பூண்டு மொத்தமும் அந்தப் பாத்தியிலதான் கிடக்கு, எனக்குத் தெரியாதா. அது போச்சுன்னா அடுத்த வருசம் ஊணுறதுக்கு ஒரு பல்லு கிடையாது. அதனாலதான் சொல்றேன், உக்காருங்க.

பூட்சா? இருக்கும், எங்க போகும். உங்க வீட்டுக்காரி வைரமணி எங்கயாச்சும் எடுத்து வச்சிருப்பா. மொதல்ல காபியக் குடிங்க.

உங்கள மாதிரியே ஒருத்தரு இருந்தாரு. செவத்தியான்னு பேரு. இதே வேலயச் செஞ்சாரு. ஆனா அவரச் சொல்றதுக்கு முன்னாடி ரோட்டுச்சாமியச் சொல்லணும், இல்லன்னா உங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது.

பஸ்சு திரும்புற எடத்துக்குக் கீழ ஒரு பள்ளம் இருக்குல்ல, குழிக்காடுன்னு. மலையில இருக்குற குளிரு பூராவும் ராவுல அங்கதான் வந்து தேங்கும், மழைத்தண்ணி தேங்குற மாதிரி. அந்தப் பள்ளத்து ரோட்டப் பாத்துக்கிற வேல அந்த மனுசனுக்கு. அப்ப அவரு சாமியில்ல, ரோட்டு வேலைக்காரரு. பேரு வேற என்னமோ இருந்துச்சு, சம்பளச் சீட்டுல மட்டும்தான் இருந்துச்சு.

வருசா வருசம் மார்கழி தையில அந்த எடத்துல ரோடு நாலு விரக்கடை தூக்கும். மாசியில பொதபொதன்னு உக்காந்து சகதியாகும். இவரு திமிசப் போட்டு இடிப்பாரு. திமிசு தெரியும்ல? கனத்த கட்டைக்குக் கைப்பிடி போட்டிருக்கும், தூக்கித் தூக்கித் தரையில போடுறது. இடிச்சு இடிச்சு ரோட்டக் கல்லாக்குவாரு. மறு வருசம் திரும்பத் தூக்கும். மேல இருந்து ஆபீசரு வந்து, ஒழுங்கா இடிக்கலன்னு எழுதிட்டுப் போவாரு. இருபத்திரண்டு வருசம் இதே கதை.

ஒரு நாளு விடியக்காலையில திமிச ஓரமாச் சாத்தி வச்சுட்டு ரோட்டுக்கு எதுக்க உக்காந்துட்டாரு. உச்சி வெயில் வரைக்கும் உக்காந்திருந்தாரு. மொத பஸ்சு டிரைவரு நிறுத்திக் கேட்டாராம்.

"என்னய்யா பாக்குற?"

"எங்க ரெண்டு பேருல யாருக்குச் சலிக்கும்னு பாக்குறேன்."

"யாருக்குச் சலிச்சுச்சு?"

"எனக்கு."

அதோட வேலைக்குப் போறத விட்டுட்டாரு. குழிக்காட்டுலயே தகரக் கொட்டாய் போட்டுக்கிட்டு, யாரும் வேண்டாம்னு ஒதுக்குன பனிப் பள்ளத்துல பூண்டு ஊண ஆரம்பிச்சாரு. காவி கட்டல, தாடி வளக்கல, யாருக்கும் துன்னூறு குடுக்கல. சனங்களாப் பாத்து சாமின்னுச்சுங்க. ரோட்டுச்சாமி.

எங்க வீட்டுக்காரரு கூட ஒரு தடவ போனாரு. "சாமி, தூங்குனா கொறட்ட வருது, இந்த வியாதி தீரணும்"னாரு. சாமி கேட்டாராம், "வியாதி உனக்கா, உன் வீட்டுக்காரிக்கா?" இவரு திரும்பி வந்து ஒரு வாரம் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு நெனச்சுக்கிட்டாரு. நான் சொல்லல. சத்தம் குழிக்காடு வரைக்கும் கேட்டிருக்கும்.

எங்க விட்டேன்? செவத்தியான்.

செவத்தியான் தரை போடுறவரு. இந்த மலையில பதினெட்டுப் பட்டிக்கும் அவருதான். மண்ணும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, திமிசால இடிச்சு, கூழாங்கல்லால தேச்சு எடுத்தாருன்னா, ஒரு செம்புத் தண்ணி ஊத்திட்டு அதே தண்ணியத் திரும்பச் செம்புல அள்ளிக்கலாம். நீங்க உக்காந்திருக்கீங்களே, இதுவும் அவரு போட்டதுதான். தட்டிப் பாருங்க. நாப்பது வருசம் ஆகுது. என் நாத்தனா ஒரு தடவ கோவத்துல ஊறுகா ஜாடிய இதுல போட்டு ஒடச்சா. ஜாடிதான் போச்சு, தரையில ஒரு கீறல் இல்ல. அவ ஏன் ஒடச்சாங்கறது தனிக் கதை, அது வேண்டாம், அவ மருமக காதுக்குப் போயிரும்.

அவருக்கு ஒரே மக. சலேத்து. தாயில்லாப் புள்ள. கொடைக்கானல் சலேத் மாதா பேரு வச்சது. நம்ம ஊருல ராத்தங்குற பஸ்சுல மருதக்காரப் பையன் ஒருத்தன் கண்டக்டரா இருந்தான். அவன இவளுக்குப் புடிச்சுப்போச்சு. அப்பனுக்குப் புடிக்கல. ஒரு ஞாயித்துக்கெழம, பூசை முடிஞ்சு ஊரே கோயில் வாசல்ல நிக்கிறப்ப, அத்தன பேரு முன்னாடி சொல்லிட்டாரு.

"இனி என் வாசல மிதிக்காத."

அவளும் மிதிக்கல. அவனக் கட்டிக்கிட்டு மருதைக்குப் போயிட்டா. நாலு வருசம்.

நாலாவது வருசம் செவத்தியானுக்குக் கை ஓடல, கால் ஓடல. ரோட்டுச்சாமிகிட்டப் போயி நின்னாரு. வேதக்காரரு, மாதா கோயிலுக்குப் போறவரு, சாமிகிட்டப் போகலாமான்னு கோயில் உபதேசியாரு கேட்டதுக்கு, "அவரு சாமியில்லங்க, ரோட்டு வேலைக்காரரு"ன்னுட்டாரு.

"என் மக திரும்பி வருவாளா சாமி?"

"பூண்டு ஊணத் தெரியுமா?"

"தரை போடத் தெரியும்."

"அது தெரியும். பூண்டு?"

"கத்துக்கிறேன்."

"நாளைக்கு வா."

அதுதான் அவரு சீடனான விதம். காலுல விழல, காதுல ஓதல. காத்திகையில ரெண்டு பேருமா ஒரு பெரிய பாத்தி போட்டு ஊணுனாங்க.

எந்திரிக்காதீங்க மாப்ள. வெயிலு இன்னும் எதுத்த மலையிலதான் இருக்கு. வைரமணி, மாப்ளைக்கு ரெண்டு பணியாரம் கொண்டா, நேத்துச் சுட்டது இருக்கும், சுட வச்சுக் குடு.

மார்கழி பொறக்க ரெண்டு நாளு இருக்குறப்ப சலேத்து வந்து எறங்குனா. புருசனுக்குத் திரும்பவும் இந்த ரூட்டே போட்டுட்டாங்க. இடுப்புல ஒரு வயசுக் கொழந்த. அப்பன் வாசலுக்குப் போகல. நேரா என்கிட்ட வந்தா.

"அக்கா, ரோட்டுப்பக்க ரூம்பு சும்மாத்தானே கிடக்கு?"

"கிடக்கு. அப்பாவப் பாத்தியா?"

"ரூம்பு மட்டும் போதும்க்கா."

செவத்தியானுக்குச் சேதி போறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும். காலையில நான் சாணி தெளிக்க வெளிய வந்தா, எதுத்தாப்புல ரோட்டுல நிக்கிறாரு. உள்ளயும் வரல, போகவும் இல்ல. இவளும் வெளிய வரல. நடுவுல நான் சாணித் தண்ணியோட. யாருக்குத் தெளிக்கிறதுன்னே தெரியல.

தெனமும் அப்படித்தான். குழிக்காட்டுக்குப் போற வழியில நின்னு பாப்பாரு. அப்புறம் பாத்திக்குப் போவாரு. மொத உறைபனி விழுந்த அன்னைக்கு, பாத்தி பூராவும் பூண்டு மேல கிடந்துச்சு, இன்னைக்கு உங்களுக்குக் கிடக்குற மாதிரியே. செவத்தியான் பாத்தாரு. அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பனி உருகிச் சொதசொதன்னு இருக்குற மண்ணுல ஏறி, ஒவ்வொரு பூண்டா காலால மிதிச்சு உள்ள எறக்குனாரு.

சாமி கொட்டாய்ல இருந்து வெளிய வந்தாரு.

"என்ன பண்ற?"

"எழும்பிருச்சு சாமி. அமுக்குறேன்."

"நாளைக்கும் எழும்பும்."

"நாளைக்கும் அமுக்குவேன்."

சாமி கொட்டாய்க்குத் திரும்பிப் போனாரு. ஒரு குச்சியக் கொண்டாந்து பாத்திக்கு நடுவுல நட்டாரு.

"குச்சிக்கு அங்கிட்டு உன்னோடது. இங்கிட்டு என்னோடது. என்னோடதுல கால் வைக்காத."

செவத்தியான் தெனமும் காலையில தன் பாதிய மிதிப்பாரு. சாமி மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறமா வந்து குந்துவாரு, ஒத்த விரலால ஒவ்வொரு பூண்டையும் எடத்துல வச்சு, மேல கொஞ்சம் காஞ்ச புல்லத் தூவிட்டுப் போவாரு. செவத்தியான் பாதி பாக்கறதுக்கு அம்சமா இருக்கும். மட்டம் புடிச்ச மாதிரி, வழவழன்னு. சாமி பாதி கோழி கிளறுன மாதிரி இருக்கும். ரோட்டுல போறவன் எல்லாம் சிரிச்சான். சீடன் பாதிதான் வெளஞ்ச பாதின்னாங்க.

இன்னொரு வேலையும் சாமி செஞ்சாரு. ரெண்டு பால்பவுடர் டப்பா எடுத்தாரு. ஒண்ணுல மண்ணப் போட்டு, செவத்தியானையே விட்டு இறுக்கி இடிக்கச் சொன்னாரு, வாய் மட்டத்துக்கு. இன்னொண்ணுல அதே மண்ணப் பொலபொலன்னு கொட்டி வாய் மட்டத்துக்கு வழிச்சு விட்டாரு. ரெண்டையும் நல்லா நனச்சு, கொட்டாய் கூரை மேல வச்சாரு.

"எதுக்குச் சாமி?"

"பனிக்கு."

"எப்ப எறக்குறது?"

"நான் சொல்றப்ப."

இங்கிட்டு எங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னா, சலேத்து மொதல்ல சன்னலச் சாத்தியே வச்சிருந்தா. அப்புறம் தொறந்தா. கொழந்தைக்கு வெயிலு வேணும்னா. சன்னலு ரோட்டப் பாத்த சன்னலு, வெயிலு பின்னாடில்ல வரும்னு நான் கேக்கல. எல்லாத்தையும் கேட்டுற முடியுமா.

ஒரு நாளு மொச்சக்குழம்பு வச்சா. மொச்சைன்னா செவத்தியானுக்கு உசுரு, ஊருக்கே தெரியும். கிண்ணத்துல கொஞ்சம் ஊத்தி மூடி என் கையில குடுத்தா.

"ரோட்டுல நிக்கிறவருக்குக் குடுங்கக்கா."

அப்பான்னு சொல்லல. ரோட்டுல நிக்கிறவரு.

நான் கொண்டுபோய்க் குடுத்தேன். மனுசன் கிண்ணத்த வாங்குனாரு, மூடியத் தொறந்து மோந்து பாத்தாரு, கண்ணு கலங்கிருச்சு. நின்னு ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாம். சாப்பிட்டுட்டுக் கிண்ணத்தக் கழுவிக் குடுத்துட்டுப் போயிருந்தா அன்னைக்கு அது போதும். ஓடுனாரு. ஒரு மணி நேரத்துல திரும்பி வந்தாரு, கூட யாரு தெரியுமா? அவரு தங்கச்சி, தங்கச்சி புருசன், உபதேசியாரு, கோயில் மணியடிக்கிறவரு, இன்னும் நாலு பேரு. கையில மாலை. கொழந்தைக்கு ஒரு தொட்டில். அத்தன பேரும் என் வாசல்ல. நான் பாதி கழுவுன பாத்திரத்தோட நிக்கிறேன்.

உபதேசியாரு செபத்த ஆரம்பிச்சுட்டாரு. கொழந்த பயந்துபோயி வீல்னு கத்துது. செவத்தியான் கதவுக்கு முன்னாடி நின்னு சொன்னாரு.

"வாம்மா வீட்டுக்கு. பழசெல்லாம் மறந்துரு. நானும் மறந்துட்டேன்."

சலேத்து கொழந்தையத் தோளுல போட்டுத் தட்டிக்கிட்டே அவரப் பாத்தா.

"நீங்க என்னத்த மறக்கணும்?"

கதவச் சாத்திட்டா. சன்னலையும் சாத்திட்டா. தொட்டில் ரெண்டு நாளு என் வாசல்லயே கிடந்துச்சு, கோழி ஏறி உக்காந்துச்சு.

செவத்தியான் நேரா குழிக்காட்டுக்குப் போனாரு. மத்தியானம். சாமி பூண்டுப் பாத்தியிலதான் இருந்தாரு.

"கதவச் சாத்திட்டா சாமி. கொழம்பு குடுத்தவ, கதவச் சாத்திட்டா. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

"ரெண்டு கொடம் தண்ணி கொண்டா."

"சாமி, நான் என் மகளப் பத்திக் கேக்குறேன்."

"ரெண்டு கொடம்."

கொண்டாந்தாரு. சாமி மொதக் கொடத்தச் செவத்தியான் பாதியில ஊத்துனாரு. தண்ணி நின்னுச்சு. அப்படியே நின்னுச்சு, மேகம் தெரிஞ்சுச்சு அதுல. ரெண்டாவது கொடத்தத் தன் பாதியில ஊத்துனாரு. கொடம் காலியாகறதுக்கு முன்னாடி தண்ணியக் காணோம்.

சாமி செவத்தியான் பாதியில ஒரு பூண்டப் புடுங்குனாரு. புடுங்கக்கூட வேண்டியதில்ல, அழுகி வழுவழன்னு கையோட வந்துச்சு. தன் பாதியில ஒண்ணப் புடுங்கிப் பாத்தாரு, வரல. வேரு புடிச்சிருந்துச்சு.

எங்க அய்யா வீட்டுல உருளக்கிழங்கு ஒரு தடவ பனியில மாட்டுச்சு. எடுத்து அமுக்குனா கண்ணீரு மாதிரி தண்ணியா ஊத்தும், உள்ள பஞ்சாப் போயிரும். கிழங்கு அதுக்கப்புறம் ஒண்ணுக்கும் ஆகாது. மண்ணு அப்படியில்ல. மண்ணுக்குப் பனி வேற மாதிரி. நான் சொல்றது இருக்கட்டும், சாமி சொன்னதச் சொல்றேன்.

சாமி அந்தப் பாதியில ஒரு கட்டி, இந்தப் பாதியில ஒரு கட்டி எடுத்து, ரெண்டையும் புட்டு அவரு கையில குடுத்தாரு. ஒண்ணு சோப்புக் கட்டி மாதிரி இருந்துச்சு. இன்னொண்ணு ஆப்பம் மாதிரி உள்ள பூராவும் கண்ணு கண்ணா.

"ரெண்டும் ஒரே மண்ணுதானே சாமி."

"ஒரே மண்ணு. ஒரே பனி."

"பனி என்ன பண்ணுச்சு?"

"வெலக்குச்சு. ஊசி நின்ன எடமெல்லாம் ஓட்டை."

"அப்ப என் பாதியிலயும் ஓட்டை விழுந்திருக்கணுமே."

"விழுந்துச்சு. தெனமும் விழுந்துச்சு."

"எங்க?"

"ஊசி உருகி, ஓட்டை ஈரமா நிக்கிறப்ப நீ வந்து மிதிச்ச. மூடிக்கிச்சு. காஞ்சு தரையாயிருச்சு."

"மிதிக்காம இருந்திருந்தா?"

"ஈரம் கீழ எறங்கியிருக்கும். ஓட்டை நின்னிருக்கும்."

"நான் கெடுக்கணும்னு மிதிக்கல சாமி. நல்லதுக்குத்தான மிதிச்சேன்."

"மண்ணு அதக் கேக்கல."

செவத்தியான் கட்டியக் கையில வச்சுக்கிட்டே நின்னாரு. சாமி கூரையக் காட்டுனாரு. "டப்பாவ எறக்கு."

எறக்குனாரு. இறுக்கி இடிச்ச டப்பாவுல மண்ணு வாய்க்கு மேல பொங்கி நிக்குது, பன்னு மாதிரி. பொலபொலன்னு கொட்டுன டப்பாவுல ரெண்டு விரக்கடை கீழ எறங்கிக் கிடக்கு.

"இதென்ன சாமி, ஒண்ணு ஏறிருக்கு, ஒண்ணு எறங்கிருக்கு."

"கட்ட விரல வச்சு அமுக்கிப் பாரு."

ரெண்டுலயும் அமுக்கிப் பாத்தாரு. இதுல எவ்வளவு எறங்குச்சோ, அதுலயும் அவ்வளவுதான் எறங்குச்சு.

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு."

"ம்."

"யாரு இப்படிப் பண்ணுனது?"

"நீயும் பண்ணல, நானும் பண்ணல."

செவத்தியான் ரெண்டு டப்பாவையும் கீழ வச்சாரு. அப்புறம் சாமி கேட்டாரு.

"வாசல மிதிக்காதன்னு மகளுக்குச் சொன்னவன்தானே நீ?"

"ஆமா சாமி."

"அந்தச் சொல்லு இன்னும் உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு சாமி. அதுதான் என்னப் போட்டு அறுக்குது."

"அவளுக்குச் சொன்னத இனி நீ எடுத்துக்க."

இது அவரே என்கிட்டச் சொன்னது மாப்ள, பின்னாடி ஒரு நாளு, இந்தத் தரையில ஒரு மூலையச் சரிபண்ண வந்தப்ப. நான் கட்டிச் சொல்லல. நீங்க அப்படிப் பாக்காதீங்க.

பணியாரம் நல்லாருக்கா? வெல்லம் கொஞ்சம் தூக்கலா இருக்கும், அவ கை அப்படி.

மறுநாள்லருந்து செவத்தியான் ரோட்டுல நிக்கறதில்ல. காலையில போவாரு, குனிஞ்ச தல நிமிராது. சாயந்தரம் வருவாரு. எங்க வீட்டுத் தெசைக்கே திரும்பமாட்டாரு. பாத்தியிலயும் காலையில கால் வைக்கறதில்ல. மத்தியானம் வரைக்கும் கொட்டாய் வாசல்ல கையக் கட்டிக்கிட்டுக் கிடப்பாராம். அவரு மாதிரி ஆளுக்கு அது திமிசு போடுறத விடக் கஷ்டம். கை துடிக்கும். சாமி ஒரு கூடப் பூண்டக் குடுத்து உரிக்க விட்டாராம். உரிச்சு உரிச்சு விரலெல்லாம் எரிஞ்சுபோச்சாம்.

நாலஞ்சு நாளு கழிச்சு சன்னலு தொறந்துச்சு.

ஒரு வாரம் கழிச்சு சலேத்து கேட்டா, "என்னக்கா, நிக்காமப் போயிட்டே இருக்காரு?"

"யாரு?"

"அதான், ரோட்டுல நிக்கிறவரு."

"அவரு இப்ப நிக்கறதில்லல்ல, அப்ப வேற பேரு வையி"ன்னேன். மொறைச்சா.

அதுக்குள்ள அந்தக் கொழந்த ஒரு பழக்கம் பண்ணி வச்சிருந்துச்சு. காலையில சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னு, அவரு வர்ற சத்தம் கேட்டா "டொப்பு டொப்பு"ன்னும். அவரு நடக்கறதே திமிசு போடுற மாதிரிதான் நடப்பாரு. அவருக்கும் கேட்டிருக்கும். திரும்பல. நான் பாத்துக்கிட்டு இருக்கேன், கழுத்து நரம்பு பொடைக்குது, திரும்பல.

தை கடைசியில ஒரு நாளு அவரு அந்த வழியா வரல. காச்சலு. மறுநாளும் வரல. கொழந்த கம்பியப் புடிச்சுக்கிட்டே நிக்குது. சலேத்து அடுப்புல இருந்து எந்திரிச்சு வந்தா.

"அக்கா, அப்பாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

அப்பான்னுட்டா. அவளுக்கே தெரியாம வந்துச்சு. வந்ததும் திரும்பி அடுப்புக்குப் போயிட்டா.

நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பேனா. அன்னைக்கே போயிச் சொல்லிட்டேன். மனுசன் காச்சலோட எந்திரிச்சாரு. மறுநாளு வெயிலு ஏறிப் பனி உருகுறப்பவே குழிக்காட்டுக்கு ஓடுனாரு. பாத்திக்கு நடுவுலயே ஓடிட்டாரு, குச்சியாவது ஒண்ணாவது.

சாமி வெயிலு வர்ற பக்கமா உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தாரு.

"சாமி, அப்பான்னு சொல்லிட்டாளாம்."

"ம்."

"போகட்டா?"

சாமி நிமிந்து பாக்கல.

"நிக்காதன்னீங்க, நிக்கல. பாக்காதன்னீங்க, பாக்கல."

"நான் எதுவும் சொல்லல."

"சரி, நானா நிக்கல, நானா பாக்கல. இப்ப அவளாக் கேட்டிருக்கா. இன்னைக்குப் போகலாமா, நாளைக்குப் போகலாமா, அத மட்டும் சொல்லுங்க. எனக்கு ரெண்டு தடவ தப்பாப்போச்சு. மூணாவது தப்பாப்போனா அவ ஊர விட்டே போயிருவா. எப்பப் போகணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சாமி ஒரு பல்ல உரிச்சுக் கூடையில போட்டாரு.

"செருப்புல மண்ணு ஒட்டாதப்ப."

செவத்தியான் குனிஞ்சு தன் காலப் பாத்தாரு. ரெண்டு செருப்புலயும் அடியில ஒரு சாண் களிமண்ணு அப்பிக்கிடக்கு. திரும்பி வந்த வழியப் பாத்தாரு. சாமியோட பாதியில அவரு காலடி ஒவ்வொண்ணும் குழி குழியா, தண்ணி ஊறி நிக்குது.

செருப்பக் கழட்டி ஓரமா வச்சாரு. சாமிக்குப் பக்கத்துல உக்காந்தாரு. கூடையில இருந்து ஒரு பூண்ட எடுத்தாரு.

அவ்வளவுதான்.

என்ன அவ்வளவுதானான்னா? போனாரா இல்லையா, அதக் கேக்குறீங்களா. உங்க கல்யாணத்துக்கு வந்து பந்தியில ரசம் ஊத்துனாங்களே, கழுத்துல மரியாளு சுரூபம் போட்ட அம்மா, அதுதான் சலேத்து. அவங்க ஊத்தறப்ப, உங்களுக்கு நாலு எலை தள்ளி ஒரு கெழவரு கைத்தடியால மண்டபத்துத் தரையத் தட்டித் தட்டி, "இது ஒரு தரையா, இது ஒரு தரையா"ன்னுக்கிட்டே இருந்தாரு, ஞாபகம் இருக்கா? நீங்க கூட யாருன்னு கேட்டீங்க. "அப்பா, தரை எங்கயும் போகாது, சோறு ஆறுது, சாப்பிடுங்க"ன்னு அந்தம்மா வஞ்சுச்சுல்ல.

என்னைக்குப் போனாரு, எப்படிப் போனாருன்னு எனக்குத் தெரியாது. நான் அப்ப வீட்டுல இல்ல, எங்க அக்கா வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா கோழி உக்காந்திருந்த தொட்டில் கழுவிக் காயப் போட்டிருந்துச்சு.

யாரு, வைரமணியா வர்றது? மாட்டுக்குப் புல்லு அறுத்துட்டு எந்த வழியா வந்த? பூண்டுப் பாத்தி ஓரமாவா? நில்லு அங்கயே. உள்ள வராத. ஒரு காலத் தூக்கு. திருப்பு, அடி தெரியிற மாதிரி. அந்தக் காலு.

பாத்தீங்களா மாப்ள. ஒட்டல.

பேச்சுலயே மத்தியானமாச்சு, வெயிலும் வாசப்படிக்கு வந்துருச்சு. உருளை வேண்டாம். ஒத்த விரலு போதும், எடத்துல வச்சுட்டு, புல்லத் தூவிட்டு வந்துருங்க. ஏ வைரமணி, விறகு அடுக்குக்குப் பின்னாடி, சாக்குக்கு அடியில, மாப்ள பூட்சு இருக்கும் பாரு. நாந்தான் ஒளிச்சு வச்சேன். எடுத்து உள்ள கொண்டா.